புறம்பான தீர்வு

புறம்பான தீர்வு என்பது, பகுதியில் மாறி உள்ள விகிதமுறு சமன்பாட்டைத் தீர்க்கும்போது கிடைத்தாலும், மூலச் சமன்பாட்டுக்குப் பொருந்தாத மதிப்பு ஆகும்.

எடுத்துக்காட்டு:

அ/(அ − 3) = 2 + 3/(அ − 3)

இருபுறமும் (அ − 3) ஆல் பெருக்க, அ = 2(அ − 3) + 3; அதாவது அ = 3. ஆனால் அப்போது பகுதி பூச்சியமாகிறது. செய்முறையில் பிழை இல்லை; அ = 3 எனும்போது நாம் பெருக்கியது பூச்சியத்தால் என்பதே காரணம். ஆகவே இச்சமன்பாட்டிற்குத் தீர்வே இல்லை.

மாணவர்கள் பலர் 2 ஐப் பெருக்காமல் விட்டு, அ = 2 + 3 = 5 என எழுதிவிடுவர். 5 ஐப் பிரதியிட்டால் இடப்புறம் 2.5, வலப்புறம் 3.5. பகுதி பூச்சியமாகாமலே இருபுறமும் வேறுபடுவதால், இது புறம்பான தீர்வு அன்று, கணக்கீட்டுப் பிழை. படிகளைத் திரும்பப் பார்க்க வேண்டும்.

மூலச் சமன்பாட்டில்தான் சரிபார்க்க வேண்டும். பெருக்கிய பின் வந்த சமன்பாட்டில் 3 ஐ இட்டால், 3 = 3 எனப் பொருந்திவிடும்!