கருத்தடை ஆன நாயும் பூனையும் ஏன் இணை சேர்கின்றன?

ஐப்பசி மழை பிடித்துவிட்டால் மரக்காணத்தில் உப்பு வாருவது நின்றுவிடும். பாத்திகளில் மழைத்தண்ணீர் ஏறிக்கொள்ளும். தெருநாய்கள் துணை தேடிக் கூட்டமாகத் திரிவதும் ஏறக்குறைய இந்த மாதங்களில்தான். ‘கார்த்திகை மாசத்து நாய்’ என்று திட்டுவதே இதை வைத்துத்தானே! உப்பளக் கரையில் ஒரு பெட்டையின் பின்னால் ஓடும் கடுவன்களில் ஒன்றிரண்டுக்குக் காது நுனியில் ‘வி’ வடிவ வெட்டு இருந்தால், அவை கருத்தடை ஆபரேஷன் ஆனவை என்று அர்த்தம். அந்த நாயும் பெட்டைமேல் ஏறினால், பார்ப்பவருக்குச் சந்தேகம் வருவது இயல்பு: காதை மட்டும் வெட்டிவிட்டுக் கணக்குக் காட்டிவிட்டார்களோ?

பெரும்பாலும் அப்படி இல்லை.

போவது விதை, போகாதது பழக்கம்

கடுவனுக்கு விதைகளையும், பெட்டைக்குச் சினைப்பைகளோடு கருப்பையையும் எடுக்கிறார்கள். விதை போனதும் ரத்தத்தில் டெஸ்டோஸ்டீரான் ஓரிரு நாளிலேயே சரிந்துவிடும். ஆனால் இணை சேரும் நடத்தை மூளையில் பதிந்தது. அதற்கான நரம்பு அமைப்பு பிறப்பை ஒட்டிய நாட்களிலேயே உருவாகிவிடுகிறது. வளர்ந்தபின் கிடைத்த அனுபவம் அதை இன்னும் உறுதியாக்குகிறது. காயடித்த காளையும் சில சமயம் பருவத்துக்கு வந்த பசுவின்மேல் தாவும் என்பது மாடு வைத்திருப்பவர்களுக்குத் தெரியும். நாய்க்கும் அதே கதைதான்.

அமெரிக்காவில் பெஞ்சமின் ஹார்ட் குழுவினர் 1976-ல் வெளியிட்ட ஆய்வில், விதை நீக்கிய ஆண் நாய்களில் ஏறும் பழக்கம் குறைந்தது சுமார் மூன்றில் இரண்டு பங்குக்குத்தான். ஊர் சுற்றுவது குறைந்ததோ ஏறத்தாழ 90 சதவீதத்துக்கு. மிச்சமிருப்பவை ஏறும், சில ஒட்டிக்கொண்டும் நிற்கும். குட்டி மட்டும் உண்டாகாது.

ஏறுவதெல்லாம் காமமும் இல்லை. விளையாட்டு மிஞ்சினாலும், புது ஆளைக் கண்ட பரபரப்பிலும், பயத்திலும் நாய்கள் ஏறும். பெட்டை நாய்கூட இன்னொரு பெட்டைமேல் ஏறும். தலையணையைக் கட்டிக்கொள்ளும் வீட்டு நாயை அடிப்பதில் பயனில்லை. கூப்பிட்டு வேறு வேலை கொடுத்தால் விட்டுவிடும்.

முதல் சில வாரங்கள்

இங்கே ஒரு விஷயத்தைப் பலரும் அழுத்திச் சொல்வதில்லை. விதையை எடுத்த அன்றே நாய் மலடாகிவிடாது. குழாய்களில் தங்கியிருக்கும் விந்தணுக்களால் சில வாரம்வரை கருப்பிடிக்க வாய்ப்புண்டு. வீட்டு நாயானால் நான்கிலிருந்து ஆறு வாரம் பெட்டைகளிடமிருந்து பிரித்துவைக்கச் சொல்வார்கள். தெருநாயை ஆபரேஷன் முடிந்து சில நாள் வைத்திருந்துவிட்டு, பிடித்த இடத்திலேயே விட வேண்டும் என்பது 2023-ஆம் ஆண்டு விலங்குகள் பிறப்புக் கட்டுப்பாட்டு விதிகளின் ஏற்பாடு. பருவகாலத்தில் பிடித்துத் திரும்ப விட்ட கடுவன் அடுத்த வாரமே ஒரு பெட்டைக்குக் குட்டி கொடுத்தால் அது ஆபரேஷனின் தோல்வி அல்ல, நேரத்தின் கோளாறு. ஆகவே மழைக்கு முன்பே, ஆடிக்குள் செய்துவிடுவது நல்லது என்பேன்.

பருவத்தில் இருக்கும்போதே ஆபரேஷன் ஆன பெட்டையின் பின்னாலும் கடுவன்கள் சில நாள் அலையும். வாடை அடங்கக் கொஞ்சம் நேரம் பிடிக்கும்.

மீன் இறங்கும் கரைப் பூனைகள்

குப்பத்துப் பூனைகள் வேறு ரகம். நாய்போல மாதம் பார்த்து வருவதில்லை. பகல் பெரிதாகச் சுருங்காத நம் ஊரில் ஏறக்குறைய வருடம் முழுக்கக் குட்டி போடும், பால் கொடுக்கும்போதே மறுபடி சினையாகும். விதை எடுத்த கடுவன் பூனைகளில் பத்தில் ஒன்று பிறகும் சுவரில் சிறுநீர் பீய்ச்சும். பெட்டையின் பிடரியைக் கவ்வி ஏறுவதும் சிலவற்றிடம் தொடரும்.

ஒரு வேடிக்கை உண்டு. பூனைக்கு இணை சேர்ந்தால்தான் பொதுவாகச் சினைமுட்டை வெளிவரும். ஆபரேஷன் ஆகாத பெட்டையோடு விதை நீக்கிய கடுவன் சேர்ந்தால், முட்டை வந்து, கரு இல்லாமலேயே பொய்ச்சினை உண்டாகி, அதன் இரவுக் கத்தல் சில வாரம் அடங்கிவிடும்.

எப்போது சந்தேகப்பட வேண்டும்

பெட்டை நாய்க்கு ஆபரேஷன் ஆகிச் சில மாதமோ வருடமோ கழித்து மீண்டும் அடிப்பகுதி வீங்கினால், ரத்தம் கசிந்தால், பூனை மறுபடி உருண்டு புரண்டு கத்தினால், சினைப்பைத் திசு கொஞ்சம் உள்ளே தங்கியிருக்கலாம். ஸ்கேனும் ஹார்மோன் பரிசோதனையும் சொல்லிவிடும்; மறு ஆபரேஷனில் சரியாகும். கடுவன் பூனையில் மருத்துவர் குறியைப் பார்த்தே சொல்வார்: அதிலுள்ள நுண்ணிய முட்கள் விதை நீக்கியபின் சில வாரத்தில் மறைய வேண்டும். மறையவில்லை என்றால் இறங்காத விதை ஒன்று வயிற்றுக்குள் இருக்கலாம். மரக்காணத்திலிருந்து புதுச்சேரி தூரமில்லை. அங்கே குருமாம்பேட்டில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது.

ஆபரேஷன் தடுக்காத நோய்

இணை சேரும்போது நாய்க்கு நாய் தொற்றும் ஒரு புற்றுக்கட்டி உண்டு. நம் தெருநாய்களிடம் இது சாதாரணம். புற்றணுக்களே ஒரு நாயிலிருந்து இன்னொன்றுக்கு ஒட்டி வளரும். மோந்தாலும் நக்கினாலும் மூக்கிலும் வாயிலும் வரும். கருத்தடை ஆன கடுவனும் இணை சேர்ந்தால் இதற்குத் தப்பாது. குறியிலிருந்து நாள்கணக்கில் சொட்டும் ரத்தம்தான் முதல் அடையாளம். பெட்டையில் அதைப் பருவ ரத்தம் என்று நினைத்து விட்டுவிடுகிறார்கள். பயப்பட வேண்டாம், வின்கிறிஸ்டின் ஊசியை வாரம் ஒன்றாகச் சில வாரம் போட்டால் பெரும்பாலும் கரைந்துவிடும். மனிதர்களுக்குத் தொற்றாது.

கடைசியாக ஒன்று: இணை சேர்ந்து ஒட்டிக்கொண்டு நிற்கும் நாய்களைக் கல்லால் அடிப்பதும் வெந்நீர் ஊற்றுவதும் இரண்டுக்கும் காயத்தைத்தான் கொடுக்கும். கடுவனின் குறி வீக்கம் வடிந்து விலக அரை மணி நேரம்வரை ஆகலாம். அதுவரை பக்கத்தில் போகாதீர்கள், பிள்ளைகளையும் விடாதீர்கள். கடிபட்டால் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் ஓடும் தண்ணீரில் கழுவிவிட்டு, கடித்த நாயின் காதில் வெட்டு இருந்தாலும் இல்லாவிட்டாலும், அன்றே அரசு மருத்துவமனைக்குப் போய் ஊசி போட்டுக்கொள்ளுங்கள்.