பாலைவன ரோஜா வளர்ப்பு

வீட்டு வாயில்களிலும் பொதுக் கட்டிடங்களின் முகப்பிலும் இப்போது மிகுதியாகக் காணப்படும் அடீனியம் என்னும் தொட்டிச் செடியையே பாலைவன ரோஜா என்கின்றனர். பெயரில் ரோஜா இருப்பினும் ரோஜா இனத்திற்கும் இதற்கும் உறவில்லை. இது நாம் நன்கறிந்த அரளியின் குடும்பத்தைச் சேர்ந்தது. சஹாராவுக்குத் தெற்கேயுள்ள வறண்ட நிலங்களும், கிழக்கு ஆப்பிரிக்காவும், அரேபியாவும் இதன் தாயகம். அங்கு அரிதாய்ப் பெய்யும் மழைநீரைப் பருத்த அடித்தண்டில் சேமித்து வைத்து, வறட்சி முற்றும்போது இலைகளை உதிர்த்துவிட்டு உயிர் வாழ்வது இதன் இயல்பாகும்.

இவ்வியல்பை அறியாமல் நாள்தோறும் நீர் வார்த்தே செடியைக் கொன்றுவிடுவோர் பலர். இலை வாடியதும் மேலும் ஒரு செம்பு ஊற்றுகின்றனர். வேர் அழுகி நீரை உறிஞ்ச இயலாமற் போனாலும் இலை வாடும் என்பதை அவர்கள் எண்ணுவதில்லை. ஆகவே, முதலில் அடித்தண்டை விரலால் அழுத்திப் பார்த்தல் வேண்டும். மண் உலர்ந்து தண்டு சற்றே சுருங்கியிருந்தால் அது தாகம். மண் ஈரமாயிருக்கத் தண்டு குழைந்திருந்தால் அது அழுகல். அழுகிய செடியைப் பிடுங்கி, கெட்ட பகுதியை நல்ல சதை தெரியும்வரை கூரிய கத்தியால் சீவி, சுமார் ஒரு வாரம் நிழலில் உலர்த்திப் புதிய மண்ணில் நட்டால் பிழைக்கக்கூடும்.

தொட்டிக்குப் பருமணல் இரண்டு பங்கு, உடைத்த செங்கற் சில்லு ஒரு பங்கு, நன்கு மக்கிய தொழு உரம் ஒரு பங்கு போதும். களிமண் ஆகாது. வெயில் நிறைய வேண்டும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் தொட்டியைத் தாழ்வாரத்திற்கு மாற்றிவிடுக.

விற்பனைக்காக வளர்க்க விரும்பும் மகளிர் குழுவினர் விதை நாற்றுக்களையே அடிச்செடியாகக் கொள்வது நலம். குச்சி நட்டாலும் வேர் பிடிக்கும். ஆனால் விதைச் செடியைப் போல அடி அழகாகப் பருக்காது. விதைச் செடியிலோ தாய்ச் செடியின் பூ நிறம் அப்படியே வருமென்ற உறுதியில்லை. எனவேதான் விரும்பிய நிறத்தை ஒட்டுக்கட்டிப் பெறுகின்றனர். காய்கள் இரட்டைக் கொம்பு போலிருக்கும். முற்றும் முன்பே நூலால் கட்டாவிடின், வெடித்து விதைகள் காற்றில் பறந்துவிடும்.

பஞ்சாயத்து அங்கத்தினர்கள் சிறப்பாகக் கவனிக்கவேண்டியது ஒன்றுண்டு. இதன் பால் நஞ்சாகும்; இருதயத்தைத் தாக்கவல்லது. ஆப்பிரிக்க வேட்டையாளர் இதனை அம்புமுனையில் தடவி வந்தனர். அங்கன்வாடி, தொடக்கப்பள்ளி வளாகங்களை அழகுபடுத்த இதனைத் தேர்ந்தெடுத்தல் தகாது. குழந்தைகள் எதையும் வாயில் வைப்பர். கவாத்துச் செய்தபின் கையையும் கத்தியையும் சோப்பிட்டுக் கழுவுக. வெட்டிய கிளைகளை ஆட்டுக் கொட்டிலருகே எறியாமல் குழி தோண்டிப் புதைத்துவிடுக.