ஒரு நிறத் திரையும் பல நிறத் திரையும்



1942ஆம் ஆண்டு ஏப்ரல் 9ஆம் நாட் காலையில் யப்பானியக் கடற்படையின் விமானங்கள் திருக்கோணமலைத் துறைமுகத்தைத் தாக்க விரைந்து வந்தன. அவை கண்ணுக்குப் புலப்படுமுன்னரே, ஏறத்தாழ 90 மைல் தொலைவில், நம் கரையோர ராடார் நிலையம் அவற்றை அறிந்துகொண்டது. சீனன்குடாவிலிருந்து போர்விமானங்கள் எதிர்கொள்ள எழுந்தன. நான்கு நாட்களுக்கு முன்னர் கொழும்புக்கு இந்த வாய்ப்புக் கிட்டவில்லை. இரத்மலானையில் விமானங்கள் தரையில் நிற்கும்போதே பகைவர் தலைக்குமேல் வந்துவிட்டனர். திருக்கோணமலையிலும் உயிரிழப்பும் பொருளிழப்பும் நேர்ந்தன. எனினும், அறியாமல் அடிபடும் நிலை அங்கு நேரவில்லை.

ராடார் கண்டதை மனிதர்க்குக் காட்டுவது எது? கதோட்டுக் கதிர்க் குழாய். 1897இல் செருமானிய அறிஞர் பிரவுன் அமைத்த கருவி அது. குழாயின் பின்புறத்திலிருந்து பாயும் இலத்திரன் கற்றை, முகப்பிலுள்ள ஒளிர்பொருட் பூச்சிற் பட்டு ஒளிப்புள்ளியாகிறது. விமானத்திற் பட்டு மீளும் அலை, திரையின் ஒளிக்கோட்டில் ஒரு சிறு மேடாகத் தோன்றும். மேடு உண்டா, இல்லையா என்பதே வினா. அதற்கு ஒரு நிறமே போதும்.

போர் முடிந்தபின், ராடார்ப் பணியில் ஈடுபட்டிருந்த வில்லியம்ஸ், கில்பேண் ஆகிய இருவரும் இதே குழாயை 1948இல் மான்செஸ்டரிற் கணினியின் நினைவகமாக்கினர். பின்னர் அது கணினியின் முகமாகவும் ஆயிற்று.

1985இல் வெளிவந்த சன்-3 போன்ற பணிநிலையக் கணினிகளை எடுத்துக்கொள்வோம். அவற்றின் திரையில் அகலவாட்டில் 1152 புள்ளிகள், உயரவாட்டில் 900 புள்ளிகள். ஆக 10,36,800 புள்ளிகள். ஒருநிறத் திரையில் ஒவ்வொரு புள்ளியும் ஒளிரும், அன்றேல் இருளும். அதைக் குறிக்க ஒரு பிட்டே போதும். மொத்தம் 1,29,600 பைட்டு. 256 நிறங்கள் வேண்டுமாயின் புள்ளிக்கு 8 பிட்டு வேண்டும். நினைவகம் எட்டு மடங்காகும். அந்நாளில் நினைவகம் விலை மிகுந்த பொருள்.

செலவு மட்டுமன்று, தெளிவும் குறைந்தது. நிறத்திரையிற் சிவப்பு, பச்சை, நீலம் என்பவற்றுக்கு மூன்று கற்றைகள் உண்டு. ஒவ்வொன்றும் தன் நிறப்புள்ளியிலேயே படுமாறு, நுண்துளைகள் நிறைந்த உலோகத் தகடொன்று இடையில் நிற்கும். கற்றையின் பெரும்பகுதியை அத்தகடே தடுத்துவிடும். மூன்று கற்றைகளும் சற்றே விலகினால் எழுத்தின் ஓரத்தில் நிறக்கசிவு தோன்றும்; அருகில் ஒரு காந்தம் இருந்தாலும் நிறம் கெடும். ஒருநிறத் திரைக்கோ தகடில்லை, பூச்சு இடைவெளியற்றது, எழுத்துக் கூர்மையாக விளங்கும். ஆகவே, நாள் முழுதும் எழுத்தை நோக்குவோர்க்கு ஒருநிறமே இதமாயிருந்தது. ஒன்றன்மேல் ஒன்றாகப் படியும் கோடுகளைப் பிரித்தறிய வேண்டிய மின்சுற்று வரைவோர்க்கும், ஆழம் வேறு கரை வேறு எனக் காணவேண்டிய நிலப்பட அறிஞர்க்கும் நிறம் இன்றியமையாததாயிற்று.

இன்று குழாய்த்திரைகள் மேசைகளை விட்டு அகன்றுவிட்டன. தட்டையான திரைகளில் நிறம் மலிவாகக் கிடைக்கிறது. எனினும், ஒரு திரையைத் தேரும்போது, அதை நோக்குபவர் எதைத் தீர்மானிக்க வேண்டும் என்பதையே முதலிற் கேட்கவேண்டும். அன்று திருக்கோணமலையில் விடை ‘உண்டு’ அல்லது ‘இல்லை’ என்பதாகவே இருந்தது. அதனை உரிய நேரத்தில் உரைக்க ஒற்றை நிற ஒளி போதுமானதாயிற்று.