காற்று வளைத்த மரம்

கலிபோர்னியாவின் கடலோரப் பாறைகளில் நிற்கிறது மான்டரே சைப்ரஸ். இது தானாக முளைத்து வளர்வது உலகத்திலேயே இரண்டே இடங்களில்தான்: சைப்ரஸ் பாயின்ட், பாயின்ட் லோபோஸ். கடல் பக்கத்துத் தளிர்களை உப்புக்காற்று கருக்கிவிடும். அதனால் கிளைகள் கரைப்பக்கமாகவே நீளும். உச்சி குடைபோலத் தட்டையாகிவிடும். செதில் செதிலான இலையைக் கசக்கி முகர்ந்தால் லேசான எலுமிச்சை வாசம். காய்களோ ஆண்டுக்கணக்கில் மூடியே கிடக்கும். காட்டுத்தீயின் சூடு பட்டதும் திறந்து விதை சிந்தும்.

இதே மரத்தை நியூசிலாந்துக்குக் கொண்டுபோய் நட்டார்கள். கோணல் போன இடம் தெரியவில்லை! அங்கே 40 மீட்டர் வரை நெடுநெடுவென வளர்கிறது. சொந்தக் கரையில் 25 மீட்டர் எட்டினாலே பெரிது.