பனிக்கலப்பை வண்டியைக் குளிர்காலத்துக்கு ஆயத்தம் செய்தல்

பனிக்கலப்பை என்பது தரையில் குவிந்து கிடக்கும் வெண்பனியை ஒதுக்கித் தள்ளுவதற்காக வண்டியின் முன்பக்கத்தில் பொருத்தப்படும் வளைந்த தகடு ஆகும். கனடாவிலும் அமெரிக்காவின் வட மாநிலங்களிலும் நெடுஞ்சாலைப் பனியைப் பெரிய லாரிகள் அகற்றுகின்றன. வீடுகள், கடைகள், சிறு மருத்துவமனைகள் ஆகியவற்றின் வாசல் வழிகளைத் திறந்துவிடுபவை பெரும்பாலும் பிக்கப் டிரக்குகள், அதாவது பின்புறம் திறந்த சரக்குத் தட்டு கொண்ட சிறு வண்டிகள். இவ்வண்டியையும் கலப்பையையும் பனி விழும் முன்பே சரிபார்த்து வைப்பது அங்கே அக்டோபர் மாத வேலை.

பெயரில் கலப்பை இருந்தாலும் இது எதையும் உழுவதில்லை. ஆங்கிலப் பெயரை அப்படியே தமிழாக்கியதால் வந்த சொல் இது. செயலில் இது புல்டோசரின் தகட்டுக்கு நெருக்கமானது. பனி என்ற சொல்லும் தமிழ்நாட்டு மாணவருக்கு மார்கழி விடியலில் புல்லின் மேல் நிற்கும் துளிகளையே நினைவூட்டும். இங்கு பேசப்படுவது ஒரே இரவில் முழங்கால் உயரத்துக்குக் குவியக்கூடிய வெண்பனி.

முன்கூட்டியே செய்வது ஏன்?

நியூயார்க் மாநிலத்தின் பஃபலோ நகரம் ஈரி ஏரியின் கரையில் உள்ளது. குளிர்காற்று, இன்னும் குளிராத ஏரி நீரின் மேல் வீசும்போது ஈரத்தை அள்ளிக்கொண்டு கரையில் பனியாகக் கொட்டுகிறது. 2014 நவம்பரில் அப்பகுதியின் சில இடங்களில் சில நாட்களுக்குள் 5 அடிக்கு மேல் பனி விழுந்தது. நாட்காட்டிப்படி குளிர்காலம் தொடங்க அப்போது இன்னும் ஒரு மாதம் இருந்தது. அப்படிப்பட்ட இரவில் கலப்பை வண்டி பழுதானால், அதைச் சரிசெய்ய வேண்டிய மெக்கானிக்கும் வந்து சேர முடியாது. வழி அடைபட்ட வீட்டில் ஒருவருக்கு நெஞ்சு வலி வந்தாலும் ஆம்புலன்ஸ் வாசலை எட்டாது.

எடைக் கணக்கு

முதலில் பார்க்க வேண்டியது, அந்த வண்டி அந்தக் கலப்பையைத் தாங்குமா என்பது. பலரும் எஞ்சினின் வலிமையைக் கேட்கிறார்கள். ஆனால் கேட்க வேண்டியது முன் அச்சின் தாங்கு திறன். அது ஓட்டுநர் கதவுச் சட்டத்தில் ஒட்டப்பட்ட சீட்டில் அச்சிடப்பட்டிருக்கும்.

கலப்பை முன் அச்சுக்கு மேலே அமர்வதில்லை. அதற்கும் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கிறது. எனவே நெம்புகோல் தத்துவம் இங்கே வேலை செய்கிறது. கலப்பையின் எடை 350 கிலோ, அதன் எடை மையம் முன் அச்சுக்கு 1.2 மீட்டர் முன்னால், இரு அச்சுகளுக்கும் இடைத்தூரம் 3.6 மீட்டர் என்று கொள்வோம். கலப்பையைத் தூக்கியவுடன் பின் அச்சின் மீதுள்ள சுமை 350 × 1.2 ÷ 3.6, அதாவது ஏறத்தாழ 117 கிலோ குறையும். அந்த 117 கிலோவும் முன் அச்சின் மேல் ஏறும். ஆக, 350 கிலோ கலப்பை முன் அச்சுக்கு 467 கிலோவாகத் தெரியும். பின் சக்கரங்களோ எடை இழந்து பனியில் வழுக்கும்.

இதற்குத் தீர்வு எதிர்ச்சுமை. பின் அச்சுக்கு 0.9 மீட்டர் பின்னால் 200 கிலோ மணல் மூட்டைகளை வைத்தால் முன் அச்சிலிருந்து 50 கிலோ இறங்கும், பின் அச்சில் 250 கிலோ கூடும். மூட்டைகளைப் பின் அச்சுக்கு முன்னால், ஓட்டுநர் அறையை ஒட்டிப் போடுவது வீண். அவை முன் அச்சின் சுமையைக் கூட்டவே செய்யும். மூட்டைகளை அசையாமல் கட்டுவதும் அவசியம். திடீரென்று பிரேக் போட்டால் கட்டப்படாத மூட்டை முன்னோக்கிப் பாயும்.

மின்சாரமும் எண்ணெயும்

கலப்பையைத் தூக்குவதும் இடம் வலமாகத் திருப்புவதும் ஹைட்ராலிக் பம்பு. அதை இயக்கும் மோட்டார் 100 ஆம்பியருக்கும் மேல் மின்னோட்டத்தை இழுக்கக்கூடியது. அதே நேரத்தில் முகப்பு விளக்கு, துடைப்பான், வெப்பமூட்டி எல்லாம் ஓடிக்கொண்டிருக்கும். மைனஸ் 18 பாகை செல்சியசில் ஈய அமில பேட்டரியின் திறன் ஏறத்தாழப் பாதியாகிவிடும். எஞ்சின் எண்ணெய் கெட்டிப்பட்டிருப்பதால் ஸ்டார்ட் செய்யத் தேவைப்படும் விசையோ கூடும். கோடையில் குறையின்றி ஓடிய பழைய பேட்டரி முதல் குளிரிலேயே கைவிடுவது இதனால்தான். பேட்டரியைச் சுமை கொடுத்துச் சோதித்து, முனைகளில் படிந்த பச்சை வெள்ளைப் படிவைச் சுரண்டி, கலப்பையின் மின் இணைப்புகளில் ஈரம் புகாத கிரீஸ் தடவ வேண்டும்.

ஹைட்ராலிக் எண்ணெயை ஆண்டுக்கொரு முறை மாற்றுவது வழக்கம். எண்ணெய் பால் போல வெளுத்திருந்தால் அதில் தண்ணீர் கலந்துள்ளது. அது குளிரில் உறைந்து வால்வுகளை அடைத்துவிடும். குழாய்களில் கசிவு இருக்கிறதா என்று கையால் தடவிப் பார்ப்பது பேராபத்து. ஊசித்துளை வழியாக அழுத்தத்தில் பீய்ச்சும் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே போகும். வெளியே சிறு புள்ளியாகத்தான் தெரியும், ஆனால் உடனடி அறுவைச் சிகிச்சை தேவைப்படும் காயம் அது. ஓர் அட்டையைப் பிடித்துப் பார்த்தால் போதும்.

ரேடியேட்டரில் எத்திலீன் கிளைக்காலும் தண்ணீரும் சரிபாதியாக இருந்தால் ஏறத்தாழ மைனஸ் 37 பாகை வரை உறையாது. கூடுதல் பாதுகாப்பு என்று தண்ணீரே சேர்க்காமல் ஊற்றுவது தவறு, ஏனெனில் தூய கிளைக்கால் மைனஸ் 13 பாகை அளவிலேயே உறைந்துவிடும்.

தகடும் தரையும்

தகட்டின் அடியில் உள்ள எஃகுப் பட்டைதான் தரையை உரசித் தேய்கிறது. அது முழுதும் தேயும் முன் மாற்றாவிட்டால் தகடே தேயத் தொடங்கும். சாலையில் புடைத்து நிற்கும் மூடியிலோ நடைபாதை விளிம்பிலோ மோதினால் தகடு முன்புறம் மடிந்து நிமிர்வதற்கு வில்கம்பிகள் உண்டு. அவை துருப்பிடித்து இறுகியிருந்தால் மோதலின் அதிர்ச்சி வண்டியின் சட்டகத்துக்குப் போகும்.

தள்ளப் போகும் இடத்தையும் தரை தெரியும்போதே நடந்து பார்க்க வேண்டும். புல்வெளி ஓரம், நீர்க்குழாய் முனை, தாழ்ந்த படி ஆகியவற்றின் அருகே ஒளிரும் கம்புகளை நட வேண்டும். நிலம் உறைந்த பின் கம்பு இறங்காது. தள்ளிய பனியை எங்கே குவிப்பது என்பதும் அப்போதே முடிவாக வேண்டும். எடுத்துக்காட்டாக, கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் அதை அனுமதியின்றிச் சாலையில் தள்ளுவது சட்டப்படி குற்றம்.

கடைசியாக வண்டியில் ஏற்ற வேண்டியது ஒரு சிறு கைவாரி. இரவு வேலைக்கு நடுவே ஓட்டுநர்கள் வெப்பமூட்டியை ஓடவிட்டு வண்டிக்குள் கண்ணயர்வது உண்டு. புகைக்குழாய் பனியில் புதைந்திருந்தால் கார்பன் மோனாக்சைடு உள்ளே சேரும். அதற்கு மணமோ நிறமோ கிடையாது. இறங்கிக் குழாயைச் சுற்றியுள்ள பனியை வாரி எறிந்துவிட்டே எஞ்சினை ஓடவிட வேண்டும்.