மேசை மேல் ஒரு நிலக்கரி வேகன்!

குழந்தைகளே, வடபழனியில் எங்கள் வீட்டு மேசை மேல் ஒரு நிலக்கரி வேகன் நிற்கிறது. நீளம் 12.3 சென்டிமீட்டர். அகலமும் உயரமும் 3.7 சென்டிமீட்டர்தான். ஏழாம் வகுப்புப் படிக்கும் என் பேரனும் நானும் அட்டையை வெட்டி, ஒட்டி, வண்ணம் பூசிச் செய்தோம்.

இதன் நிஜ அண்ணனைப் பார்க்க வேண்டுமா? சென்னையிலிருந்து கும்மிடிப்பூண்டி போகும் மின்சார ரயிலில் ஏறுங்கள். எண்ணூர், அத்திப்பட்டு வரும்போது ஜன்னல் வழியே கவனியுங்கள். மேலே மூடியில்லாத இரும்புப் பெட்டிகள் வரிசையாக நிற்கும். ஒவ்வொன்றுக்கும் எட்டுச் சக்கரங்கள். பக்கவாட்டில் 'பி.ஓ.எக்ஸ்.என்.' என்ற ஆங்கில எழுத்துகள் தெரியும். திறந்த மேற்புறமும் உயர்ந்த பக்கச் சுவர்களும் கொண்ட, காற்றழுத்த பிரேக் உள்ள வேகன் என்பதை அந்த எழுத்துகள் சுருக்கமாகச் சொல்கின்றன.

நிஜ வேகனின் நீளம் 10.7 மீட்டர். அதை 87 ஆல் வகுத்தால் எங்கள் வேகனின் நீளம் வரும். உலகம் முழுவதும் மாதிரி ரயில் செய்பவர்கள் அதிகம் பயன்படுத்தும் இந்த அளவுக்கு 'ஹெச்.ஓ.' என்று பெயர்.

நிஜ வேகன் சுமார் 58 டன் நிலக்கரி ஏற்றும் என்றேன். பேரன் உடனே கணக்குப் போட்டான். "58 ஆயிரம் கிலோவை 87 ஆல் வகுத்தால் 666 கிலோ. தாத்தா, நம்ம வேகன் 666 கிலோ தாங்குமா?" என்று திகைத்தான்!

தவறு எங்கே? ஒரு தீப்பெட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். நீளம், அகலம், உயரம் மூன்றிலும் அதைப்போல் இரண்டு மடங்குள்ள பெட்டியை நிரப்ப எத்தனை தீப்பெட்டிகள் வேண்டும்? இரண்டு அல்ல, எட்டு! 2 x 2 x 2 = 8. அப்படியானால் வேகனுக்கு 87 x 87 x 87, அதாவது 6,58,503. இந்த எண்ணால் 58 ஆயிரம் கிலோவை வகுத்தால் வருவது வெறும் 88 கிராம். ஒரு கைப்பிடி நிலக்கரி!

அந்தக் கைப்பிடியும் சும்மா வருவதில்லை. ஒடிசா மாநிலத்தின் தால்சேர் சுரங்கத்தில் வெட்டியெடுத்த நிலக்கரி, ரயிலில் பாரதீப் துறைமுகம் போகிறது. அங்கிருந்து கப்பலில் எண்ணூர் காமராஜர் துறைமுகம் வருகிறது. மேட்டூர் அனல் மின் நிலையத்துக்குப் போக வேண்டியது மறுபடியும் வேகன் ஏறுகிறது. ஒரு ரயிலில் சுமார் 58 வேகன்கள். மொத்தம் 3,300 டன்னுக்கும் மேல்! மின் நிலையங்களில் 'வேகன் டிப்ளர்' என்னும் இயந்திரம் வேகனை இறுகப் பிடித்து, அப்படியே கவிழ்த்துக் கொட்டிவிடும். அந்தக் கரியை எரித்துத் தண்ணீரை நீராவியாக்கி, அந்த வேகத்தில் டர்பைனைச் சுழற்றி மின்சாரம் எடுக்கிறார்கள்.

காற்று, சூரிய ஒளி, நீர், அணு ஆகியவற்றிலிருந்தும் நமக்கு மின்சாரம் கிடைக்கிறது. நிலக்கரியில் கிடைக்கும் ஒரு யூனிட்டுக்குச் சுமார் 700 கிராம் எரிய வேண்டும். எங்கள் குட்டி வேகனின் 88 கிராம், அதில் எட்டில் ஒரு பங்கு. சாதாரண 75 வாட் மின்விசிறி அதில் ஒன்றரை மணி நேரத்துக்குச் சற்று அதிகமாகச் சுற்றும். அவ்வளவுதான்.

அன்று பேரன் பள்ளிக்குப் போகும் அவசரத்தில் அறையில் மின்விசிறியை நிறுத்த மறந்திருந்தான். நானும் கவனிக்கவில்லை. ஆளில்லாத அறையில் ஏழு மணி நேரம் சுற்றியிருக்கிறது. மாலையில் அவனே கணக்குப் போட்டுவிட்டுச் சொன்னான்: "நாலு வேகன் வீணாப் போச்சு, தாத்தா!"

25 கோடி ஆண்டுகளுக்கும் முன்னால் மண்ணில் புதைந்த செடிகொடிகள்தான் இன்று அந்த நிலக்கரி. எரித்தால் சாம்பலும் புகையும் மிஞ்சும். கரி திரும்ப வராது.

இப்போது எங்கள் வேகன் மேசையில் இல்லை. அறை வாசலில், சுவிட்சுப் பலகைக்குக் கீழே உள்ள சிறு அலமாரியில் நிற்கிறது. வெளியே போகும்போது கண்ணில் படுமல்லவா? நீங்களும் ஒன்று செய்து பாருங்களேன்!