பச்சை சிங்கம், சிவப்பு முதலை: விலங்குகளுக்கு ‘தப்பான’ கலர் கொடுத்த ஓவியர்

சிங்கம் பச்சை. முதலை சிவப்பு. நரி ஊதா. யானை ஆரஞ்சு. எரிக் கார்ல் 2011-ல் வெளியிட்ட ‘தி ஆர்ட்டிஸ்ட் ஹூ பெயின்டட் எ புளூ ஹார்ஸ்’ என்ற குழந்தைகள் படப் புத்தகத்தில் விலங்குகள் இப்படித்தான் ஒவ்வொன்றாக வந்து நிற்கின்றன. உடம்பெல்லாம் கலர் கலராகப் புள்ளி போட்ட கழுதையும் உண்டு.

பார்த்ததும் சிரிப்பு வரும். ‘குழந்தைங்க புக்குதானே, ஜாலியா பண்ணியிருக்கார்’ என்று பக்கத்தைத் திருப்பிவிடலாம். ஆனால் இந்தப் பச்சை சிங்கம் பிறந்த கதையில் ஹிட்லர் வருகிறார், தடை செய்யப்பட்ட ஓவியங்கள் வருகின்றன, ஆபத்து என்று தெரிந்தே அவற்றை ஒரு மாணவனுக்குக் காட்டிய டிராயிங் மாஸ்டர் வருகிறார்.

யார் இந்த எரிக் கார்ல்?

‘தி வெரி ஹங்ரி கேட்டர்பில்லர்’ என்ற புத்தகம் பல வீடுகளில் இருக்கும். பழம், கேக் என எல்லாவற்றையும் ஓட்டை போட்டுத் தின்றுகொண்டே போகும் அந்தப் பச்சைப் புழு, 1969-ல் கார்ல் உருவாக்கியது. 60-க்கும் மேற்பட்ட மொழிகளில் வந்து, 5 கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்ற புத்தகம் அது.

கார்ல் பிறந்தது 1929-ல், அமெரிக்காவின் சிரக்யூஸ் நகரில். பெற்றோர் ஜெர்மனியிலிருந்து குடியேறியவர்கள். அம்மாவுக்கு ஊர் நினைப்பு. அதனால் 1935-ல் குடும்பம் ஸ்டுட்கார்ட் திரும்பியது. இதைவிட மோசமான நேரத்தில் திரும்பியிருக்க முடியாது. அப்பாவை ராணுவத்துக்கு இழுத்துப்போனார்கள். அவர் சோவியத் படையிடம் கைதியாகி, 1947-ல்தான் வீடு வந்து சேர்ந்தார். கார்லையும் 15 வயதில் பதுங்குகுழி வெட்ட அனுப்பினார்கள்.

நீலப் புல்வெளி வரைவது குற்றமா?

1937 ஜூலை 18. மியூனிக்கில் அரசு ஆதரவு ஓவியங்களின் கண்காட்சியைத் திறந்துவைத்துப் பேசினார் ஹிட்லர். புல்வெளியை நீலமாகவும் வானத்தைப் பச்சையாகவும் வரைகிறவர்களை அந்தப் பேச்சில் ஒரு பிடி பிடித்தார். அவர்கள் கண்ணுக்கு நிஜமாகவே அப்படித் தெரிகிறதென்றால் அது பார்வைக் கோளாறு, அடுத்த தலைமுறைக்குப் போகாமல் உள்துறை அமைச்சகம் பார்த்துக்கொள்ள வேண்டும். வேண்டுமென்றே வரைகிறார்கள் என்றால் அது குற்றவியல் விவகாரம் என்பது அவர் வாதம்.

இது வெறும் மேடைக் கேலி இல்லை. பரம்பரை நோய் உள்ளவர்கள் என்று அரசு முத்திரை குத்தியவர்களுக்குக் கட்டாயக் கருத்தடை செய்யும் சட்டம் 1933-லேயே அங்கு வந்துவிட்டது.

மறுநாளே அதே நகரில் இன்னொரு கண்காட்சி திறந்தது. பெயர் ‘சீரழிந்த கலை’. அருங்காட்சியகங்களிலிருந்து பறிமுதல் செய்த சுமார் 650 படைப்புகளை, மக்கள் பார்த்துச் சிரிக்கட்டும் என்றே மாட்டிவைத்தார்கள். அதில் ஃபிரான்ஸ் மார்க் வரைந்த விலங்கு ஓவியங்களும் இருந்தன. நீலக் குதிரை, மஞ்சள் மாடு என்று வரைந்தவர் அவர். முதல் உலகப் போரில் ஜெர்மனிக்காகவே சண்டையிட்டு, 1916-ல் வெர்டன் போர்முனையில் 36 வயதில் இறந்தவரும் அவர்தான்.

மாஸ்டர் வீட்டில் பார்த்த படங்கள்

ஸ்டுட்கார்ட் பள்ளியில் கார்லின் ஓவிய ஆசிரியர் பெயர் க்ரவுஸ். பையன் கோடு இழுக்கும் விதத்திலேயே திறமை இருப்பது அவருக்குத் தெரிந்துவிட்டது. ஒருநாள் தன் வீட்டுக்கு வரச் சொல்லி, பிக்காஸோ, மத்தீஸ், க்ளே, மார்க் போன்றவர்களின் ஓவிய நகல்களை எடுத்துக் காட்டினார். எல்லாம் அரசு தடை செய்தவை. வெளியே தெரிந்தால் அவர் கதி என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

அச்சு அசலாக வரைந்தால்தான் ஓவியம் என்று கேட்டு வளர்ந்த பையனுக்கு அந்தப் படங்கள் முதலில் அதிர்ச்சியைத்தான் கொடுத்தன. ரசிப்பெல்லாம் பிறகு வந்தது. ஆனால் மறக்கவே இல்லை. தன் பச்சை சிங்கமும் புள்ளிக் கழுதையும் பிறந்தது அந்த நாளில்தான் என்று சுமார் 70 வருடம் கழித்து எழுதினார். 2011 புத்தகம் ஃபிரான்ஸ் மார்க்குக்குச் செலுத்திய மரியாதை.

சரி, அந்தச் சிங்கத்தை எப்படிச் செய்தார்?

கார்ல் செய்ததை மிக்ஸ்டு மீடியா என்பார்கள். அதாவது பெயின்ட், தாள், பசை, க்ரேயான் எனப் பல பொருள்கள் சேர்ந்த ஒரே படம். அவருடைய அடிப்படைப் பொருள் டிஷ்யூ பேப்பர். கை துடைக்கிற டிஷ்யூ இல்லை. கிஃப்ட்டைச் சுற்றித் தருவார்களே, அந்த மெல்லிய தாள்.

முதலில் தாளுக்கு மட்டும் அக்ரிலிக் பெயின்ட் அடிப்பார். பிரஷ் மட்டுமில்லை, விரல், ஸ்பான்ஜ், கார்பெட் துண்டு என எது கிடைத்தாலும் சரி. கோடு, சுழி, புள்ளி என்று தாள் முழுக்கத் தடம் விழும். அந்த நேரத்தில் அது சிங்கமும் இல்லை, முதலையும் இல்லை, வெறும் கலர் தாள். காய்ந்ததும் பச்சைக்கு ஒரு டிராயர், சிவப்புக்கு ஒரு டிராயர் என்று நிறம் பிரித்து அடுக்கிவிடுவார்.

பிறகு விலங்கின் உருவத்தை வரைந்துகொண்டு, தேவையான தாளை எடுத்து, கால் ஒரு துண்டு, உடம்பு ஒரு துண்டு எனக் கத்தியால் வெட்டி, வால்பேப்பர் பசையால் அட்டையில் ஒட்டுவார். தாள் மெல்லியது என்பதால் ஒன்றன்மேல் ஒன்று ஒட்டும்போது அடியில் இருக்கும் நிறமும் தெரியும். கண், நகம் போன்ற சின்ன விஷயங்கள் தேவைப்பட்டால் கடைசியில் க்ரேயான் வரும். பிரஷ்ஷின் ஒவ்வொரு இழையும் விட்ட தடம்தான் விலங்கின் ரோமமாகக் கண்ணுக்குத் தெரிகிறது. ரோமம் என்று யாரும் தனியாக வரையவில்லை.

பச்சைக்கு என்ன அர்த்தம்?

மார்க் நிறங்களுக்கு அர்த்தம் வைத்திருந்தார். நீலம் ஆண்மை, மஞ்சள் மென்மையான பெண்மை என்று 1910-ல் நண்பர் ஆகஸ்ட் மக்கேவுக்கு எழுதிய கடிதத்தில் விளக்கியிருக்கிறார். கார்லின் புத்தகத்தில் அப்படி எந்தத் தத்துவமும் இல்லை. சிங்கம் பச்சை, அவ்வளவுதான். உண்மையில் அதுதான் அந்தப் புத்தகத்தின் அழகு. மூன்று வயதுக் குழந்தைக்கு அர்த்தம் சொல்லிப் புரியவைக்க வேண்டிய வேலையே இல்லை.

இதில் ஒரு வேடிக்கை. கார்ல் பனிக்கரடியைக் கறுப்பாகக் காட்டியிருக்கிறார். நிஜப் பனிக்கரடியின் தோலும் கறுப்புதான்! அதன் ரோமத்துக்கும் நிறம் கிடையாது. ஒளி சிதறுவதால் நம் கண்ணுக்கு வெள்ளையாகத் தெரிகிறது.

கார்ல் 2021-ல், 91 வயதில் காலமானார். படப் புத்தக ஓவியங்களுக்கென்றே அவரும் மனைவி பார்பராவும் 2002-ல் மாசசூசெட்ஸின் ஆம்ஹெர்ஸ்ட்டில் தொடங்கிய அருங்காட்சியகம் இன்றும் இயங்குகிறது.

மார்க்கின் ‘நீலக் குதிரைகளின் கோபுரம்’ அவ்வளவு அதிர்ஷ்டம் செய்யவில்லை. 1913-ல் வரைந்த பெரிய ஓவியம் அது. 1937 கண்காட்சியில் அதை மாட்டியதும், போரில் உயிர்விட்ட வீரரின் ஓவியத்தை இப்படி அவமதிக்கலாமா என்று முன்னாள் ராணுவ அதிகாரிகளே எதிர்ப்புத் தெரிவிக்க, கீழே இறக்கினார்கள். பிறகு அது நாஜித் தலைவர் கோரிங் கைக்குப் போனது. போர் முடியும் நேரத்தில் காணாமல் போனது. இன்றுவரை கிடைக்கவில்லை.